கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள்

முதல் நாள்: மதுரையிலிருந்து காரைக்குடி

மேலூர் தாண்டியதும் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். என் மடியில் இருந்த ஒயர் கூடையை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே இருந்த தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கூடையை அப்படியே கவிழ்த்து அடியைத் தடவினார். அதற்கப்புறம்தான் பேச்சு.

"நெல்லிக்காய் முடிச்சா? நீங்களே போட்டதா?"

கூடை பின்னத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், கைப்பிடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். பின்னுகிறவர்களுக்குக் கண் அடியில்தான் போகும். முடிச்சுகள் ஒரே இறுக்கமாக இருக்கிறதா, நான்கு மூலையும் தரையில் படிகிறதா, எங்காவது ஒயர் புரண்டிருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

அந்த அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டாராம். பிஸ்கட் முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் எல்லாம் போட்டிருக்கிறார். கண் பார்வை குறைந்ததும் விட்டுவிட்டார். என்னிடம் எப்போதும் இரண்டு முழம் ஒயர் கையில் இருக்கும். கொடுத்தேன். திருப்பத்தூர் வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நான்கு முடிச்சு போட்டுவிட்டார். கண் குறைந்தால் என்ன, விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இறங்கும்போது ஒயரைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடி ஒயர் கூடை போடுகிறோம். ஒன்பது வருடமாக நடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் என்று கலந்த கூட்டம். சந்தைக்குப் போகும் கூடை, சாப்பாட்டுக் கூடை, குழந்தைகளுக்குச் சின்னதாய் ஒன்று என்று போட்டுப் போட்டு வீட்டிலும் கொடுத்தாயிற்று, தெருவிலும் கொடுத்தாயிற்று.

இரண்டு மாதம் முன்னால் என் மதினி ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஒயர் வர்றதுக்கு முன்னாடி நம்ம பாட்டிமார் எதுல பின்னுனாங்க? ஓலையில. நீயோ நானோ ஒரு நாளாவது ஓலையத் தொட்டிருக்கோமா?"

தொட்டதில்லை. அதனால் ஆறு நாள் விடுப்பு. மதினியும் நானும்தான். அவர் கையில் குறிப்பு நோட்டு, என் கையில் இந்தக் கூடை.

இரண்டாம் நாள்: கொட்டான்

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஒரு கிராமம். தெரிந்தவர் மூலமாக ஓர் ஆச்சி வீட்டுக்குப் போனோம். முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்ததும் நடுவே வானம். நான்கு பக்கமும் தூண்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இந்த வளவில் உட்கார்ந்துதான் கொட்டான் பின்னுவார்களாம்.

கொட்டான் என்பது செட்டிநாட்டுப் பனையோலைப் பெட்டி. உள்ளங்கையில் அடங்குவதும் உண்டு, இரண்டு கையால் தூக்குவதும் உண்டு. கல்யாணம், சடங்கு என்றால் வெற்றிலை, பழம், பூ எல்லாம் இதில்தான் போகும். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது சாமான்களோடு கொட்டானும் போனது. கடையில் வாங்கியதில்லை. ஆச்சிமார் தங்கள் கையால், தங்கள் பொழுதில் பின்னியது. ஒருவகையில் எங்கள் மொட்டைமாடிக் கூட்டத்துக்கு முன்னோடிகள் அவர்கள்தான்.

ஆச்சி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து தன் தாயார் பின்னிய கொட்டான்களை எடுத்து வைத்தார். வெளியே மணி கோத்து, குரோஷா நூலால் விளிம்பு கட்டியது ஒன்று. சாயம் மங்கி வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. மதினி மணித்தொங்கலை மெல்ல ஒதுக்கினார். அதன் அடியில், வெயிலும் தூசியும் படாத ஒரு விரல் அகலத்துக்கு, நேற்றுத் தோய்த்தது போல அடர்ந்த குங்குமச் சிவப்பு. ஆச்சியே அதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "எங்காத்தா இவ்வளவு அழுத்தமாவா சாயம் போட்டிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

நடுவில் இந்தக் கலை ஏறத்தாழ நின்றுபோனது. குடும்பங்கள் நகரங்களுக்குப் போயின, பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்தன. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். அறக்கட்டளைதான் பழைய கொட்டான்களைப் பார்த்துப் பார்த்து இதை மீட்டு, கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 2013-இல் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெரிய வீட்டு வளவில் பொழுதுபோக்காக இருந்தது இன்று ஊர்ப்பெண்களுக்கு வருமானம்.

சாயங்காலம் அப்படிப் பின்னுகிற ஓர் அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். எனக்கு இது பொழுதுபோக்கு, அவருக்கு இது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு "கற்றுக்கொடுங்கள்" என்று அவர் நேரத்தை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் பின்னுகிற நேரத்துக்கு என்ன கிடைக்குமோ அதைக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம். அப்புறம் அவரும் கூச்சமில்லாமல் எங்களை அதட்டினார்.

ஓலையைப் பக்குவம் செய்வதிலிருந்து தொடங்கினார். இதற்குக் குருத்தோலை வேண்டும், அதாவது மரத்தின் உச்சியில் இன்னும் விரியாமல் ஈட்டி போல நிற்கிற இளம் ஓலை. வெயில் படாததால் பச்சை ஏறியிருக்காது. வெளுத்து, வளைத்த பக்கம் வளையும். அதை இதழ் இதழாகப் பிரித்துக் காயவைத்தால் தந்த நிறத்துக்கு வரும். ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஓடுகிற ஈர்க்கை இரண்டு பக்கமும் கீறி எடுத்துவிட வேண்டும். அப்புறம் சிறு கத்தியால் வேண்டிய அகலத்துக்கு நறுக்கி வகிர்வது. சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்துவது.

நான் வகிர்ந்த பட்டை ஒரு முனையில் அரை விரலும் மறுமுனையில் கால் விரலுமாக வந்தது. நான்காவது பட்டையில் ஓலையின் ஓரம் ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. ஒயர் என்னை இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கீறியதில்லை.

பின்னத் தொடங்கியதும் பெரிய தப்பு. நான்காவது கோப்பில் பட்டை இரண்டாக முறிந்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒயர இழுக்குற மாதிரி இழுக்குறீங்க. ஓலைய இழுக்கக் கூடாது. நகத்தால ஒதுக்கணும்."

ஒயர் கூடையில் எல்லாமே இழுப்புதான். முடிச்சைப் போட்டு, வலிக்கிற வரை இழுத்தால்தான் கூடை நிற்கும். ஓலையில் முடிச்சே கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, பக்கத்துப் பட்டை நகராமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பெருவிரல் நகத்தால் நெருக்கி ஒதுக்க ஒதுக்க இடைவெளி மறைகிறது. ஒன்பது வருடம் இழுத்துப் பழகிய கையை ஒரு மாலையில் மாற்ற முடியவில்லை. இரவு இதை எழுதும்போதுகூடப் பெருவிரல் துடிக்கிறது.

மூன்றாம் நாள்: பேருந்து

திருநெல்வேலி வந்து சேர்ந்தோம். பகல் முழுவதும் பயணம். கண்மாய்க் கரைகளில் வரிசை கட்டி நிற்கிற பனைகளை மதினி எண்ணிக்கொண்டே வந்தார், இருநூறு தாண்டியதும் விட்டுவிட்டார். இத்தனை வருடம் இந்த வழியில் போயிருக்கிறேன், பனையைப் பார்த்தால் நுங்கும் பதநீரும்தான் ஞாபகம் வரும். இன்றைக்கு உச்சியில் நிற்கிற குருத்து மட்டும்தான் கண்ணில் பட்டது.

வேறு விசேஷம் இல்லை. விரல் ஆறிவிட்டது.

நான்காம் நாள்: பத்தமடை

பத்தமடைப் பாயை ஓலைப் பயணத்தில் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் சின்னதாய் வாக்குவாதம். மதினி சேர்க்கலாம் என்றார். பின்னல் என்றால் பின்னல்தானே. நல்லவேளை அவர் பேச்சைக் கேட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி போகிற வழியில் ஊர். தாமிரபரணிப் பாசனத்தில் வளரும் கோரைதான் இதற்கு உயிர். கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் அதை நீளவாக்கில் கிழிக்கிறார்கள். சாதாரணப் பாய்க்கு ஒரு கோரையை இரண்டாக, மூன்றாகக் கிழித்தால் போதும். பட்டுப்பாய்க்கு நூல் மாதிரி மெலிய வேண்டும். தரையோடு தரையாகக் கிடக்கிற தறியில் நீளவாக்கில் பாவு நூல், குறுக்கே ஊடையாகக் கோரை. ஒருவர் நீளக் குச்சியின் நுனியில் கோரையை மாட்டிப் பாவுக்குள் செலுத்துகிறார், அச்சுப் பலகையால் நெருக்குகிறார்கள். ஒரு கோரை, ஒரு நெருக்கு. இன்னொரு கோரை, இன்னொரு நெருக்கு. பட்டுப்பாயில் பாவு நூல் நூறைத் தாண்டும். அந்தப் பாயைச் சுருட்டி ஒரு கைக்குள் அடக்கிவிடலாம்.

தலைமுறைகளாக லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் செய்கிற வேலை இது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் ஊடையிலேயே நெய்து கொடுப்பார்கள். நாங்கள் போன வீட்டில் ஒரு கல்யாணப் பாய் பாதியில் நின்றது. மணமகளின் பெயர் முடிந்துவிட்டது, மணமகன் பெயரில் இரண்டு எழுத்து ஏறியிருந்தது. 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போன பாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள்.

அந்த வீட்டு பெரியம்மா என் ஒயர் கூடையை வாங்கினார். நான் எதிர்பார்த்தபடியே கவிழ்த்தார். "முடிச்சு முடிச்சா எவ்வளவு பொறுமை வேணும்!" என்றார். நூறு பாவுக்குள் கோரையை ஒன்றொன்றாக விடுகிறவர் என் பொறுமையைச் சொல்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு பிடி கோரையையும் அவர்கள் ஈரத்துணிக்குள்ளிருந்து உருவுகிறார்கள். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் வெயில் கூடத்துக்குள் வந்ததும் துணியை மறுபடி நனைத்தார்கள். காய்ந்த கோரை நெருக்கும்போது உடையும். ஒயரை நான் கட்டிலுக்கடியில் போட்டுவைத்து ஆறு மாதம் கழித்து எடுப்பேன், அது எனக்காகக் காத்திருக்கும். கோரைக்கும் ஓலைக்கும் அந்தப் பேச்சே இல்லை.

மாலை ரயிலில் திருச்செந்தூர். நாசரேத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பனை.

ஐந்தாம் நாள்: மணப்பாடு

காலையில் கோயிலுக்குப் போனோம். திருச்செந்தூரில் விபூதியைப் பன்னீர் இலையில் மடித்துக் கொடுப்பார்கள். அதை வாங்கியதும் மதினி, "பாரு, இங்க சாமியும் இலையிலதான் கொடுக்குது" என்றார். இந்தப் பயணத்தில் எங்கள் கண்ணுக்கு எல்லாமே பெட்டியும் மடிப்புமாகத் தெரிகிறது.

குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல்மேடு, அதன்மேல் திருச்சிலுவை ஆலயம். 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய குகை கடலோரமாக இருக்கிறது. ஆலயத்தின் முன்னால் நின்றால் மூன்று பக்கமும் தண்ணீர்தான். ஆனால் நாங்கள் வந்தது ஊருக்குள் இருக்கிற வீடுகளுக்காக.

மீன்பிடிக்கிற ஊர் இது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் வீட்டில் ஓலை பின்னுவார்கள். கூட்டுறவுச் சங்கம் வைத்துச் செய்கிற வேலை. இவர்களின் பெட்டிகள் வெளிநாட்டுக்குக்கூடப் போகின்றன. கொட்டானைப் போல நுணுக்கமான மணி வேலை இங்கே கிடையாது. மூடிபோட்ட பெட்டி, கைப்பை, தட்டு, விசிறி, குழந்தைகளுக்குக் கிலுக்கு. உருவங்கள் திருத்தமாக, ஒரே அளவாக இருக்கும். பத்துப் பெட்டியை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் கடைசிப் பெட்டி தீப்பெட்டி அளவில் வந்து நிற்கிறது. மூடி ஒவ்வொன்றும் காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டு இறங்குகிறது. அந்த மூடி இறங்குகிற அழகுக்காகவே இன்னொரு தடவை வரலாம்.

மூன்று பெண்கள் ஒரே தார்சாவில், அதாவது வீட்டின் முன்தாழ்வாரத்தில், உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அடி மட்டும் போடுகிறார். இன்னொருவர் சுவர் எழுப்புகிறார். மூன்றாமவர் விளிம்பு மடிக்கிறார். பேச்சு மட்டும் பொது. யார் வீட்டில் கல்யாணம், யார் வள்ளம் இன்னும் கரை சேரவில்லை என்று ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் மொட்டைமாடியிலும் இப்படித்தான். கை வேலையில் இருந்தால் வாய் திறக்கிறது. ஒருவரை ஒருவர் முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லமுடியாததை எல்லாம் கூடையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா தன் கணவர் இறந்ததைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டுப் பேசியது ஒரு சிவன் கண் கூடையின் ஏழாவது வரிசையில். அந்த வரிசையை அன்றைக்கு யாருமே சரியாகப் போடவில்லை. பிரித்துத் திரும்பப் போட்டோம்.

அடி போடுகிற அக்காவிடம் நான் கேட்டேன், "எப்படி எண்ணுவீங்க?"

"எண்ணுறதா? கை நிறைஞ்சா நிறுத்துவேன்."

அவர் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண், அதற்குள் அடங்குகிற பட்டைகள். நான் எண்ணிப் பார்த்தேன், இருபது. அடுத்த அடியையும் எண்ணினேன். இருபது.

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. அதற்கப்புறம் விசேஷ வீடுகளில் தாம்பூலத்துக்கும் பலகாரத்துக்கும் ஓலைப்பெட்டி கேட்டு ஆட்கள் வருகிறார்களாம். ஆனால் பெட்டி கேட்கிற அளவுக்குக் குருத்து கிடைக்கவில்லை என்பதுதான் அந்தத் தார்சாவில் எல்லோருக்கும் கவலை. குருத்து வேண்டுமென்றால் மரம் ஏற ஆள் வேண்டும். "பனையேறி வீட்டுப் பையன் இப்ப பனை ஏறுறானா?" என்று கேட்டார் விளிம்பு மடிக்கிறவர். எங்களிடம் பதில் இல்லை.

ஆறாம் நாள்: தேரி

இன்றைக்கு நடந்ததை அவசரப்படாமல் எழுதப்போகிறேன்.

உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். சிவப்பு மணல், அதில் பனை, முந்திரி, உடைமரம். நேற்று மணப்பாட்டில் பார்த்த அக்கா சொல்லியனுப்பிய பாட்டி வீடு இது. "கடகப்பெட்டி பின்னணும்னா அந்தக் கிழவிகிட்டப் போங்க. ஆனா விடியறதுக்கு முன்னாடி போகணும்" என்றிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "போனா தெரியும்" என்றார்.

ஆட்டோ பிடித்து ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இருட்டு. பாட்டி முற்றத்தில் பல்பு வெளிச்சத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க முற்றத்தில் பரப்பியிருந்த ஓலைகள் பனியில் நனைந்து, தொட்டால் துணி மாதிரி குழைந்தன.

"வாங்க தாயி. வெயில் வந்துட்டா ஓலை நம்ம பேச்சக் கேக்காது. உக்காருங்க."

கடகம் என்பது பெரிய பெட்டி. நெல், கருப்பட்டி, மீன், மண் எதையும் தலையில் வைத்துச் சுமக்கிறது. கொட்டான் போல அலங்காரம் இல்லை, உறுதிதான் முக்கியம். பாட்டி ஓலைப் பட்டைகளை இரண்டு கையகலத்துக்குச் சதுரமாகக் கோத்து அடி போட்டார். நான் அடுத்ததாகச் சுவர் நேராக எழும்பும் என்று எதிர்பார்த்தேன். ஒயர் கூடையில் அடி எந்தத் திசையில் ஓடுகிறதோ சுவரும் அதே திசையில்தான் ஏறும். பாட்டி அப்படிச் செய்யவில்லை. சதுரத்தின் ஒரு பக்கத்தில், சரியாக நடுவில், இரண்டு பட்டைகளைப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே மாற்றினார். அந்த இடம் சட்டென்று கூம்பியது. மூலை!

நான் மூலை என்று நினைத்தது மூலையே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு மூலை பிறக்கிறது. நான்கு பக்கம், நான்கு திருப்பு. முதலில் போட்ட சதுரம் அப்படியே அரைக்கால் வட்டம் திரும்பி வேறொரு சதுரமாக நிற்கிறது. சுவரில் பட்டைகள் எல்லாம் சாய்வாக, ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் ஏறுகின்றன. சுமை எந்தப் பக்கம் அழுத்தினாலும் சாய்வுப் பின்னல் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். புதிதாக ஒரு பட்டைகூடச் சேர்க்கவில்லை. அடியில் படுத்திருந்த அதே ஓலைகள் எழுந்து சுவராகிவிட்டன. உயரம் போதும் என்றதும் விளிம்பில் பட்டைகளை மடக்கி, வந்த வழியே சுவருக்குள் திரும்ப இறக்கினார். அதனால் சுவர் இரட்டையாகிறது. அப்புறம் வாய்ப்பக்கம் நார் வைத்துத் தைப்பது.

அந்த நாரையும் காட்டினார். பனை மட்டையை உரித்தால் உள்பக்கத்தில் வருவது அகணி நார், வெளிப்பக்கத்தில் வருவது புறணி நார். இரண்டையும் வளைத்துக் காட்டி என் கையில் கொடுத்து, "நீயே சொல்லு எது எதுன்னு" என்று கண்ணை மூடச் சொன்னார். மூன்றாம் தடவைதான் சரியாகச் சொன்னேன். முழுக்க முழுக்க நாரில் பின்னினால் அது நார்ப்பெட்டி. அவர் வீட்டில் அரிசி அளக்கிற நார்ப்பெட்டி அவருடைய மாமியார் பின்னியது. அடி கறுத்து, கைபட்டுக் கைபட்டு எண்ணெய் பூசியது போல மின்னியது. இடுப்பில் செருகியிருந்த சின்னக் கொட்டப்பெட்டி மட்டும் அவர் தனக்காகப் பின்னிக்கொண்டது. அதில் வெற்றிலை, பாக்கு, நான்காக மடித்த நோட்டு.

சங்கப் பாடல்களில் கூடைக்கு 'வட்டி' என்று ஒரு சொல் வரும். வேட்டைக்காரன் இறைச்சி கொண்டுவருவதும் அதில்தான். பள்ளியில் அதற்கு அருஞ்சொற்பொருள் எழுதியிருக்கிறேன். 'கூடை, பெட்டி' என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கினேன். இன்றைக்குப் பாட்டி கையில் அது உருவாவதைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல்லுக்குக் கனமும் வாசனையும் வந்தது. ஈர ஓலைக்கு ஒரு வாசனை இருக்கிறது, அறுத்த வைக்கோலுக்கும் இளநீருக்கும் நடுவில்.

ஆறரைக்கு ஒரு பெரியவர் வந்தார், பாட்டியின் தம்பி. இன்னும் பனை ஏறுகிறார். ஒரு மரத்தில் குருத்தை ஒட்ட வெட்டிவிடக் கூடாதாம். ஒன்று எடுத்தால் அடுத்தது வந்து விரிகிற வரை அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். "அதுக்கும் மூச்சு வேணும்லா" என்றார். 1978-இல் பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவித்தார்கள். 2021-இல் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வெட்டாமல் காப்பது சரி, மிக நல்லது. ஆனால் ஏறுவதற்கு ஆள் இல்லாவிட்டால் மரம் இருந்தும் குருத்து இறங்காது. இந்தப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவருக்குப் பிறகு இந்தத் தெருவில் யாரும் ஏறவில்லை. எனக்கு இதுதான் நெஞ்சை அடைத்தது. பின்னுகிற கையைப் பற்றியே ஆறு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஏறுகிற காலைப் பற்றி இன்றுதான் நினைத்தேன்.

என் முறை வந்தது. நான் போட்ட அடியில் பதினெட்டுக்குப் பதினெட்டு பட்டை. இழுக்கவில்லை. நகத்தால் ஒதுக்கினேன், காரைக்குடி அக்கா சொன்னபடி. இரண்டு மூலை நன்றாகத் திரும்பியது. மூன்றாவது மூலையில் தவறான பட்டையைப் பிடித்துவிட்டேன், சுவர் உள்பக்கமாக இழுத்துக்கொண்டது. பாட்டி வாய் திறக்காமல் என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து, அடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தார்.

"அடி சரியாத்தான் இருக்கு" என்றார் பாட்டி. மூன்றாம் மூலையை மட்டும் பிரித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீயே போடு."

போட்டேன். நான்காவதைத் திருப்புவதற்குள் வெயில் முற்றத்தில் இறங்கிவிட்டது. ஓலை விறைக்கத் தொடங்கியதை விரலில் உணர முடிந்தது. பாட்டி எழுந்து, முந்தானையைத் தட்டிவிட்டு, "இன்னைக்கு இவ்வளவுதான். நாளைக் காலைல வா" என்றார். நாளைக் காலையில் நான் மதுரையில் இருப்பேன் என்று சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தார். முடியாத பெட்டியையும், வகிர்ந்த ஓலை ஒரு கட்டையும் அதற்குள் வைத்துச் சுற்றினார். பனைநாரால் இரண்டு கட்டுக் கட்டினார்.

என் ஒயர் கூடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதில் கருப்பட்டி வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் பாட்டி, நன்றாகத் தாங்கும் என்றேன்.

அன்றிரவு, ரயிலில்

ஈரத்துணிக் கட்டு மடியில் இருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு தடவை தண்ணீர் தெளித்தேன். சாத்தூர் வந்ததும் இன்னொரு தடவை. எதிர் இருக்கைக்காரர் உள்ளே என்ன செடியா என்று கேட்டார். பெட்டி என்று சொன்னதும் மதினி கட்டைப் பிரித்துக் காட்டி, மூலை எப்படி நடுவில் பிறக்கிறது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். விருதுநகர் வரை அது ஓடியது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்தில் உள்ள ஐந்து பேருக்கும் ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். மாலை நான்கு மணிக்கு வரவேண்டாம். காலை ஐந்து மணிக்கு வாருங்கள். ஒயர் எடுத்து வராதீர்கள், ஆளுக்கு ஒரு பழைய பருத்தித் துணி மட்டும் எடுத்து வாருங்கள். கல்லூரிப் பெண் மட்டும் "அஞ்சு மணிக்கா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். ஓலையை இன்று இரவே மாடியில் பரப்பி வைக்க வேண்டும், பனி இறங்கட்டும்.